பௌசியா அக்கா வேலை செய்த கடை

பௌசியா அக்கா போய்விட்டார்.

நேற்றுக் காலை அவருடைய மகள் போன் எடுத்தாள். "உம்மா மௌத்தாகிட்டாங்க மிஸ்... சுபஹு தொழுதுட்டு சாஞ்சவங்க, எழும்பவே இல்ல." அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அப்பா கதவடியில் நிற்கிறார். "எங்க அந்தப் பிள்ளையைக் காணேல்லை? கடை திறக்க நேரமாச்சு."

தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவுக்கு ஐந்து வருஷமாக டிமென்ஷியா. வெள்ளவத்தையில் முப்பது வருஷம் புடவைக் கடை வைத்திருந்தவர். கடையை விற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனால் காலையானால் கடை திறக்கப் போக வேண்டும் என்று கதவோடு மல்லுக்கட்டுவார்.

"கடை இல்லை அப்பா, வித்தாச்சு!" என்று நான் கத்துவேன். அவர் என்னைப் பிடித்துத் தள்ளுவார். பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பேரும் ஒரு மாதம் தாண்டவில்லை.

பௌசியா அக்கா மாளிகாவத்தையிலிருந்து வந்த முதல் நாள், தான் எதற்கு வந்தவர் என்று அப்பாவிடம் சொல்லவே இல்லை. கதவைத் தட்டி, "முதலாளி, சட்டைக்கு ரெண்டு யார்ட் சீத்தைத் துணி வேணும், இரிக்கா?" என்று கேட்டார்.

அப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "இருங்கோ பிள்ளை, எடுத்துக் காட்டுறன்." எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முதலாளிக் குரலைக் கேட்டேன்... குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

மறுநாள் தன் வீட்டடித் தையல்காரரிடம் ஒரு பை நிறையத் துணித் துண்டுகள் வாங்கி வந்தார். அப்பா நாள் முழுக்க அளந்தார், மடித்தார், அடுக்கினார். கதவுச் சண்டை நின்றுபோனது. இரண்டாவது கிழமை அப்பாவே அவரைக் கடை வேலைக்கு எடுத்துவிட்டார்! பெயர் மட்டும் மனதில் நிற்கவில்லை. கடைப்பிள்ளை, அவ்வளவுதான்.

ஒருநாள் ஆபீசிலிருந்து வெள்ளன வந்தேன். அப்பா தூக்கம். அக்கா பின் அறையில் இருந்துகொண்டு, அப்பா மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் குலைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா செய்யிறீங்கள்?"

"நாளைக்கும் முதலாளிக்கு வேலை வேணுமே தங்கச்சி."

குளிக்க மாட்டேன் என்று அப்பா அடம்பிடித்தால், "புதுச் சரக்கு வாற நேரம் முதலாளி, குளிச்சிட்டு ரெடியாகுங்க" என்பார். அப்பா குளிக்கப் போய்விடுவார். ஒருமுறை அப்பா அளவுகோலால் அக்காவின் கையில் ஓங்கி ஒன்று போட்டுவிட்டார். கன்றிப்போய்விட்டது. நான் பதறினேன். அக்கா சிரித்தார். "கடையில சனம் கூடினா முதலாளிமாருக்குக் கோவம் வாறதுதானே."

என்னை அவர் கடிந்துகொண்டது ஒரே ஒரு தடவை. அப்பா "அம்மா எங்க?" என்று கேட்கும்போதெல்லாம் நான் உண்மையைச் சொல்வேன். அம்மா செத்து ஏழு வருஷம் அப்பா என்று. அவர் ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்ட மாதிரி விம்மி விம்மி அழுவார்.

அக்கா என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். "ஒரே மௌத்த அந்த மனிசனுக்கு எத்தன தரம் சொல்லுவீங்க? அம்மாவக் கேட்டா, அம்மா என்ன கறி ஆக்குவாங்கன்னு கேளுங்க. அவரே கதைப்பார்."

வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நேற்று அப்பாவைப் பக்கத்து பிளாட் அன்ரியிடம் விட்டுவிட்டுப் போய் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தூங்குகிற மாதிரித்தான் இருந்தார். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் இருந்து பொய்களை யோசித்துக்கொண்டு வந்தேன். ஊருக்குப் போயிட்டா... மகளுக்குச் சுகமில்லை... எது என்றாலும் சரி, இன்னொரு சாவை அப்பாவுக்குச் சொல்லக் கூடாது.

செத்த வீட்டால் வந்தால் தலையில் தண்ணி வார்க்காமல் நாங்கள் வீட்டுக்குள் புழங்குவதில்லையே. பழக்கதோஷத்தில் நேரே பாத்ரூமுக்குப் போய்த் தோய்ந்துவிட்டு, பின்னேரம் மூன்று மணிக்கு ஈரத் தலையோடு அப்பாவின் முன்னால் வந்து நின்றேன்.

என் பெயரே நினைவில்லாத மனிதர் என் தலையைப் பார்த்தார்.

"ஆரின்ர செத்த வீட்டுக்குப் போயிட்டு வாறாய்?"

யோசித்து வைத்த பொய் ஒன்றும் வாயில் வரவில்லை.

"எங்கட கடைப்பிள்ளை, அப்பா."

அவர் அழவில்லை. கையில் இருந்த துணியை மேசையில் வைத்தார். "நல்ல பிள்ளையடி அது" என்றார். பிறகு, "நாளைக்குக் கடையைப் பூட்டு" என்றார்.

காலையில் எல்லாம் மறந்திருப்பார் என்று நினைத்தேன். விடிய எழும்பி, அக்கா செய்கிற மாதிரியே துணிகளைக் குலைத்து மேசையில் வைத்தேன்.

அப்பா வந்து மேசையடியில் இருந்தார். துணியைத் தொடவில்லை. கதவடிக்கும் போகவில்லை.

"இண்டைக்குக் கடை இல்லை" என்றார்.

ஏன் அப்பா என்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்... யோசித்துக்கொண்டே இருந்தார்.

"தெரியேல்லை பிள்ளை" என்றார். கண் கலங்கியிருந்தது.

போயிட்டு வாங்கோ, பௌசியா அக்கா. உங்கட முதலாளி இண்டைக்குக் கடை திறக்கேல்லை.