சின்னம்மா விட்ட தொங்கல்

வாசகரே, இந்த வழக்கில் நீங்களே சாட்சி. தீர்ப்பை முன்பே சொல்லிவிடுகிறேன்: குற்றவாளி நான். எதிரணியை வாயடைக்கச் செய்பவன் என்று இன்று மேடையில் பெயர் வாங்கியிருக்கும் நான், பத்து வயதில் ஒரு கம்பியிடம் தோற்றேன்.

அக்கா கொழும்புக்குப் போய்ப் பேசிய விவாதம் அன்று மாலை நான்கு மணிக்கு வானொலியில் ஒலிபரப்பாக இருந்தது. தர்மபுரத்தில் எங்கள் வரிசையில் வானொலி இருந்தது எங்கள் வீட்டில் மட்டுந்தான். அன்று காலை அடித்த மார்கழிக் காற்றில் தென்னோலை விழுந்து ஏரியல் கம்பி அறுந்துபோயிற்று. அப்பா தலையில் கைவைத்தார். அம்மாவின் தங்கையான சின்னம்மா ஏணியைக் கேட்டார்.

கம்பியின் இரு முனைகளையும் செம்பு மினுங்கும்வரை பிளேட்டால் சுரண்டினார். ஒன்றோடொன்று இறுக முறுக்கி, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தார். பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, அதன்மேல் காட்டுத் தேனடையின் மெழுகைப் பூசினார். மழைக்கு மட்டுமல்ல, எறும்புக்கும் அங்கே வழியில்லை.

ஆனால் யன்னலுக்கு வெளியே கம்பியை ஒரு முழம் தொங்கவிட்டு, மறுபடி மேலேற்றித்தான் உள்ளே எடுத்தார். அத்தனை அழகான வேலையில் அது ஓர் அலங்கோலமாக எனக்குப் பட்டது. உரலின்மேல் ஏறி நின்று, நேர்கோட்டின் மேன்மை குறித்துச் சொற்பொழிவாற்றினேன்.

"கதைச்சு முடிஞ்சால் ஏணியைப் பிடியும், அப்புக்காத்தர்," என்று என்னை வழக்கறிஞராக்கினார் சின்னம்மா.

அவர் குளிக்கப் போனதும், தொங்கலை இழுத்து நேராக்கி, பட்டம் விடும் நூலால் கட்டினேன்.

மூன்றரைக்கு மழை பிடித்தது. அயலவர் பாய்களில் நிறைந்திருந்தார்கள். கம்பி வழியே ஓடிவந்த நீர் நேரே யன்னலுக்குள் புகுந்து, வானொலியின் முதுகில் இறங்கியது. வானொலி கரகரத்தது. சின்னம்மா மழைக்குள் இறங்கினார். தொங்கல் மீண்டது, நீர் அதன் அடிவளைவில் திரண்டு, துளித்துளியாக முற்றத்தில் விழுந்தது. அதற்குமேல் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. அவர் முந்தானையால் வானொலியைத் துடைத்து முடிக்க, அக்காவின் குரல் கணீரென்று எழுந்தது. அப்பா கடைசிவரை நின்றுகொண்டே கேட்டார்.

பிறகுதான், கம்பி எப்படி நேரானது என்று விசாரித்தார்.

"காத்து இழுத்திருக்கும், அத்தான்," என்றார் சின்னம்மா. என் நூல் அவருடைய கைக்குள் இருந்தது.

அத்தனை பேர் முன்னிலையில் என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. சனம் கலைந்தபின் அவர் நூலை என் சட்டைப் பைக்குள் வைத்தார். உரலின்மேல் ஏறாமல், தரையில் நின்றே, அப்பாவுக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன்:

"சின்னம்மா, இனி ஏனெண்டு கேளாமல் ஒண்டையும் நான் நிமித்தமாட்டன்."