ஐலா தீவில் ஓட்டுநருக்குக் கொடுத்த குப்பி

கடந்த மே மாதம், கிளாஸ்கோவில் படிக்கும் மகளைப் பார்க்க நானும் என் கணவர் சாமும் ஹைதராபாத்திலிருந்து துபாய் வழியாகப் போனோம். வந்தது வந்தோம், ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்குப் போய் விஸ்கி வடிக்கும் செம்பு அண்டாவைப் பார்த்துவிடலாம் என்றார் சாம். ஹைதராபாத் நாச்சாரத்தில் அவருக்கு ஒரு பட்டறை, மருந்து கம்பெனிகளுக்கு ஸ்டீல் கலன்கள் செய்கிறார். அந்த அண்டாவின் கழுத்தை எப்படி வளைக்கிறார்கள் என்று பல வருடமாகப் புலம்பிக்கொண்டிருப்பவர்.

சாம் குடியை விட்டுப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. (இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது, யாருக்காவது உதவும்" என்றார்.) வேண்டாம் என்றால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும். போனால்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வாடகைக் கார் எடுப்போம், அவரே ஓட்டட்டும். ஸ்காட்லாந்தில் குடித்துவிட்டு ஓட்டினால் சட்டம் ரொம்பக் கடுமை, ஓட்டுகிறவருக்கு யாரும் ஊற்ற மாட்டார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கிளாஸ்கோவிலிருந்து கென்னக்ரெய்க் துறைக்குச் சுமார் 170 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். காருக்கான இடத்தை முன்பே பதிவு செய்துவிடுங்கள். நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், நம் லைசென்ஸே போதும். தீவில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்கிறார்கள். சாமும் உற்சாகமாகத் தூக்கிக்கொண்டே வந்தார். நான் கதவுப் பிடியை விடவில்லை.

நாங்கள் போனது மிகச் சின்ன டிஸ்டில்லரி. சுற்றிப் பார்க்க ஆளுக்குப் பதினெட்டு பவுண்டு. நுழைந்ததுமே முளைகட்டிய பார்லியும் புகையும் கலந்த வாசம். சாம் முகம் மாறுகிறதா என்று பார்த்தேன். கடைசியில் வழிகாட்டிப் பெண் கோப்பைகளை வரிசையாக வைத்து, யார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டாள். சாம் கையைத் தூக்கினார். எனக்கு உயிர் வந்தது. அவளோ சிரித்தபடி, கட்டைவிரல் அளவுக் குப்பி ஒன்றை நிரப்பி, சீல் வைத்து, அவர் கையில் கொடுத்தாள். ஓட்டுநரின் பங்கு! தங்குமிடத்துக்குப் போய்க் குடிக்கலாமாம், இங்கெல்லாம் அதுதான் வழக்கமாம். சாம் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தப் பொண்ணு ஆசையா குடுத்தா. நக்கோ, வேணாம் எஸ்தர், இப்ப ஆரம்பிக்காத. ரோட்டப் பாத்து ஓட்டணும்."

திரும்பும் கப்பலில், கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு டீ வாங்கப் போனார். நான் பைக்குள் கைவிட்டேன். குப்பி இருந்தது, சீல் உடையவில்லை. நிமிர்ந்தால், இரண்டு டீயோடு எதிரே நிற்கிறார்.

"பாத்தாச்சா?"

டீயை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தக் காப்பர் அண்டாவோட கழுத்து மேல பாத்து வளஞ்சிருந்துச்சா, கீழ பாத்தா?"

எனக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்த நேரம் முழுக்க நான் பார்த்தது அவர் முகத்தையும் கையையும்தான்.

"பாட்டில் பாக்கெட்ல இருக்கறதுகூட எனக்குக் கஷ்டமா இல்ல எஸ்தர். நீ பாத்துக்கிட்டே இருக்க பாரு, அதான் கஷ்டம்."

குப்பியை அவர் கோட்டுப் பையிலேயே திருப்பி வைத்தேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மே மாதத்திலும் அங்கே குளிர்காற்று அடிக்கிறது, காதை மூட ஏதாவது எடுத்துப் போங்கள். உங்களோடு வருகிறவர் குடியை விட்டவர் என்றால், பதிவு செய்யும்போதே எதுவும் தர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவரையே ஓட்டவிடும் என் யோசனையை நம்ப வேண்டாம். அண்டாவைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் சாமைக் கேளுங்கள், விடாமல் சொல்வார்.

ஹைதராபாத் திரும்பி, லோத்குண்டா வீட்டில் பெட்டிகளைப் பிரித்தபோது, அந்தக் கோட்டை மடித்து பீரோவில் வைத்தது அவர்தான். குப்பி என்ன ஆயிற்று என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வாய்வரைக்கும் வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன்.