அய்யாவின் வீங்கிய கால்கள்

தை பதினெட்டு, வெள்ளிக்கிழமை. குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால், எழுந்ததும் குடங்களை நிரப்பினேன். அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்தேன். வாசலைப் பெருக்கினேன். அதற்குள் முதுகு வலித்தது. இரண்டு வருடம் அய்யாவைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்த முதுகு. அவர் போய் ஒரு வருடம் ஆகியும் அசதி போகவில்லை.

மதியத்துக்கு முன் மதுரையிலிருந்து எங்கள் கடலாடி வீட்டுக்கு வேன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தலைத்திவசம். அதற்காகத் துபாயில் இருக்கும் தம்பி செய்யச் சொல்லியிருந்த அய்யாவின் சிலிகான் சிலை அதில் இருந்தது. இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து இறக்கினார்கள். “மெதுவா, மெதுவா” என்று என்னையறியாமல் சொன்னேன்.

நாற்காலியில் உட்காரவைத்துத் துணியை எடுத்தார்கள். மழிக்காத நரைமுடி, மணிக்கட்டு நரம்பு, கழுத்துச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. கால்கள்தான் வீங்கியிருந்தன. கணுக்கால் எலும்பே தெரியவில்லை. தோல் இழுத்துப் பளபளத்தது. சிற்பி பாதத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் கேட்டிருந்தார். டாக்டருக்கு அனுப்புவதற்காக எடுத்தவைதான் என் போனில் இருந்தன; அவற்றையே அனுப்பிவிட்டேன்.

தம்பி வீடியோவில் பார்த்துக் கத்தினான். “என்னண்ணே, யானைக்கால் மாதிரி இருக்கு! சொந்தக்காரங்க என்ன நெனப்பாக? மாத்தச் சொல்லுங்க.”

சிற்பியிடம் பேசினேன். கணுக்காலோடு அறுத்துவிட்டு வேறு பாதம் பொருத்தலாம், மறுநாளே ஆள் அனுப்புகிறேன் என்றார்.

அம்மா தரையில் உட்கார்ந்து, சிலையின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். அய்யாவுக்குத் தினமும் அப்படித்தான் பார்ப்பாள். விரலை எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும். இது உடனே மேலெழுந்தது. அடுத்த காலிலும் அழுத்தினாள்.

“குழி விழலடா.”

“அம்மா, அது பொம்ம.”

“எனக்குத் தெரியாதா? உங்க அய்யா இம்புட்டு நேரம் யாரையும் வையாம உக்காந்திருப்பாராக்கும்?” சிரித்துவிட்டு, பாதத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: “நல்லா நடந்த கால ஊரே பாத்திருக்கு. இந்தக் கால நீயும் நானுந்தான பிடிச்சோம். யாரும் அறுக்க வேணாம்.”

தம்பியோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. சிலைக்குக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிக் கால்களை மூடினேன். “காத்துப் படட்டும்டா” என்று அம்மா அதை மேலே சுருட்டிவிட்டாள்.

மறுநாள் எழுந்ததும் மதுரைக்குப் போன் செய்து, ஆள் வரவேண்டாம் என்றேன்.