செல்வராணி டீச்சரின் படுக்கை சைக்கிள்

போன ஞாயிறு காலை உத்தமபாளையத்தில் ஒரு சைக்கிள் பந்தயத்தைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தேன். என்னை ஏன் கூப்பிட்டார்கள்? வரவேண்டிய பெரிய மனிதருக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கக்கூடியவன் பத்தி எழுதுகிறவன்தான் என்று இளைஞர் மன்றத்துக்காரர்கள் சரியாகக் கணித்திருக்கிறார்கள்!

கம்பம் வழியாகக் கூடலூர் வரை பந்தயம். ஆடிக்காற்று முகத்தில் அறைகிற சாலை. இருபது பேர் வரிசையில் நின்றார்கள். பத்தொன்பது பேர் ஆண்கள், சைக்கிளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும்... படுத்திருந்தார்.

அவர் செல்வராணி. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வயது முப்பத்தெட்டு. கல்லூரி நாட்களில் சைக்கிள் பந்தயங்களில் கோப்பைகள் வாங்கியவர். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பஸ் விபத்தில் முதுகெலும்பில் அடி.

"குனிஞ்சு சைக்கிள் மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக சார். ரெண்டு வருசம் சைக்கிளத் தொடல" என்றார்.

கணவர் முத்துப்பாண்டிக்கு அனுமந்தன்பட்டியில் வெல்டிங் பட்டறை. ஜன்னல் கிரில், இரும்பு கேட்... இவைதான் அவர் உலகம். மனைவி தெருவில் போகிற சைக்கிள்களையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், வெளிநாட்டில் சாய்ந்துகொண்டே ஓட்டுகிற சைக்கிளின் படம் கண்ணில் பட்டது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். நான்கு மாதத்தில் வண்டி ரெடி.

ஈஸி சேரில் சாய்ந்து காலை முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். நீட்டிய இடத்தில் பெடல். முதுகுக்கும் இடுப்புக்கும் ஒயர் பின்னிய நாற்காலி. மூன்று சைக்கிளின் செயினை ஒன்றாகக் கோத்த நீளச் செயின். அவ்வளவுதான் வண்டி. ஓட்டினால் முதுகில் வலியே இல்லை என்கிறார் டீச்சர்.

ஒரே தகராறு — கியர்.

கைப்பக்கத்து லீவரிலிருந்து கேபிள் சீட்டுக்கு அடியில் ஓடி, பின்சக்கரத்துக்குப் போகிறது. டீச்சர் லீவரைத் தள்ளினால் கியர் மாறாது. மாறினால் இரண்டு கியர் சேர்ந்து விழும். முத்துப்பாண்டி ஸ்டாண்ட் போட்டு, பெடலைக் கையால் சுற்றிப் பார்ப்பார். டக், டக், டக்! கச்சிதம்.

"வண்டியில ஒண்ணும் இல்ல, நீ தள்ளுறதுதான் சரியில்ல" என்பார். இரண்டு மாதமாக இதே பேச்சு. அவரே ஏறி ஓட்டிப் பார்க்கலாமே? முடியாது. ஆறடி மனிதர். வண்டியோ டீச்சரின் கால் அளவுக்குச் செய்தது.

கொடியசைக்கும் முன் ஒரு பஞ்சாயத்து. "இதெல்லாம் சைக்கிளா சார்?" என்றார் ஒரு போட்டியாளர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ரெண்டு சக்கரம் இருக்கு, பெடல் இருக்கு, மோட்டார் இல்ல... சைக்கிள்தான்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே தீர்ப்பு. மன்றச் செயலாளர் விதியை ஞாபகப்படுத்தினார்: வழியில் வண்டிக்கு என்ன ஆனாலும் ஓட்டுபவரேதான் சரி செய்ய வேண்டும். வேறு கை பட்டால் அவுட்.

முத்துப்பாண்டியின் மொபெட்டில் தொற்றிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

கம்பம் வரை டீச்சர் நடுவில் இருந்தார். அதைத் தாண்டியதும் சாலை லேசாக ஏறியது. லீவரைத் தள்ளினார். கியர் விழவில்லை. மறுபடி தள்ளினார். ம்ஹூம்! பெரிய கியரில் மாட்டிக்கொண்டு திணறினார். ஒவ்வொருவராக முந்தினார்கள். கடைசி ஆளும் போனபின், ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஓரம் வண்டியை நிறுத்தினார்.

முத்துப்பாண்டி மொபெட்டிலிருந்து குதித்தார். "தொடாதீக!" என்று டீச்சர் கத்தினார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பட்டறைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது லேசான காரியமா?

டீச்சர் ஸ்டாண்ட் போட்டார். பெடலைக் கையால் சுற்றி லீவரைத் தள்ளினார். டக்! மாறியது.

"பாத்தியா, நல்லாத்தான இருக்கு?" என்றார் கணவர்.

டீச்சர் ஸ்டாண்டில் நின்ற வண்டியிலேயே ஏறிச் சாய்ந்து மிதித்தார். தள்ளினார். மாறவில்லை. இறங்கி, பெடலைக் கையால் சுற்றி லீவரைத் தள்ளினார். மாறியது. கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தார். பிறகு சீட்டை ஒரு கையால் பலமாக அமுக்கிக்கொண்டு, குனியாமல் மண்டியிட்டு அடியில் பார்த்தார்.

"ஏங்க... நான் சாஞ்சா சீட்டு ஒயர் தொங்குதுங்க. கேபிளப் போட்டு கம்பியோட நசுக்குது."

முத்துப்பாண்டி கட்டிய கையை விடாமல் குனிந்து பார்த்தார்.

சீட்டுக்கு அடியில் கேபிளைக் கட்டியிருந்த ரப்பரை டீச்சர் அவிழ்த்தார். கேபிளைப் பக்கவாட்டுக்கு இழுத்து, கழுத்தில் கிடந்த விசில் கயிற்றைக் கழற்றி அதனால் கட்டினார். ஏறினார். தள்ளினார். டக்!

அதற்குப் பிறகு நான் பார்த்தது தனிக் காட்சி. எதிர்க்காற்று மற்றவர்களைப் பிடித்து நிறுத்தியது. அவர்கள் குனிந்து குனிந்து மிதித்தார்கள். டீச்சரோ தரையோடு தரையாகப் போனார். காற்று அவருக்கு மேலேயே போய்விட்டது. ஏற்றத்துக்கு ஒரு கியர், சமதளத்துக்கு ஒரு கியர் என்று மாற்றி மாற்றி ஏழு பேரை முந்தினார். கூடலூரில் பதின்மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தார்.

முடித்ததும் அழுதார். தோற்றதற்காகவா? அப்படித்தான் நினைத்தேன்.

"இல்ல சார்... முதுகு போன மாதிரி கையில நரம்பும் போயிருச்சோன்னு ரெண்டு மாசமாப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன். என் கை நல்லாத்தான் இருக்கு" என்று விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினார்.

முத்துப்பாண்டி அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். "ஏத்தா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க சைக்கிளப் பிரிச்சுப் போட்ருவீகளே!"

அவர் மெதுவாகச் சொன்னார்: "ஒன் கையக் குத்தம் சொன்னது தப்புத்தான் ராணி."

நல்ல மனிதர். மனைவிக்காக இரும்பை வளைத்தவர். அவருக்கே இந்தத் தவறு வந்தது என்றால் நமக்கு? ஒருவர் "முடியவில்லை" என்று சொல்லும்போது, அவர் மேல் இருக்கும் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் நாம் சோதித்துப் பார்க்கிறோம். "நல்லாத்தானே இருக்கு?" என்கிறோம். பாரமில்லாமல் பார்த்தால் எதுதான் நன்றாக இருக்காது?

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக, "வாஷிங் மெஷின் சத்தம் போடுது" என்று புகார். காலியாக ஓட்டிப் பார்த்த எனக்குக் கேட்டதில்லை. திங்கட்கிழமை முதன்முறையாகத் துணி போட்டு ஓட்டிப் பார்த்தேன்...

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்!