கழிவில் போன குதிரைகள்

என் கணவர் ஓட்டுவது கொழுந்து லொறி. கொட்டகலைக்குப் பக்கத்தில், தோட்டத்து மலைகளில் பறித்த தேயிலைக் கொழுந்தை ஃபெக்டரிக்கு ஏற்றிப் போவது அதன் வேலை. லொறியில் பாதி அவருடையது, பாதி என் அண்ணனுடையது. இரண்டு பேருக்கும் நடுவில் நான். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

லொறியின் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒருநாள் ஏற்றத்தில் கரும்புகையாகக் கக்கிவிட்டு நின்றுபோனது. அண்ணனுக்கு ஹட்டனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் வேலை. கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் எஞ்சின் ஒன்றை வைக்கலாம், நாலு சிலிண்டர் போதும் என்றார். என் கணவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழைக்காலம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, பிஸ்டன், ரிங், பெயாரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றி எஞ்சினைத் திரும்பப் பூட்டினார். கொட்டகை ஒழுகுகிறது என்று சிலிண்டர் ஹெட்டைத் தூக்கிவந்து என் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று நான் போட்ட சத்தம் வட்டகொடை வரைக்கும் கேட்டிருக்கும்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய அன்று அண்ணனைக் கூப்பிட்டு, ஓடுகிற எஞ்சினின் தலையில் ஒரு கிளாஸ் நிறையத் தேத்தண்ணி வைத்துக் காட்டினார். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நின்று ஒழுங்காக வேலை செய்தன. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“தேத்தண்ணி சிந்தாம இருக்கிறதுக்கா மாப்ள லொறி வாங்குனோம்? மேட்டுல இழுக்குமா?”

“நூறு குதிரை வலுவுக்கு மேல இருக்கு மச்சான்.”

“எண்ணிப் பாத்தீங்களா?”

இப்படித்தான் பேச்சு வளர்ந்தது. நூறு குதிரைக்கு ஒன்று குறைந்தாலும் இந்த எஞ்சின் இரும்புக் கடைக்கு, ஜப்பான் எஞ்சின் லொறிக்கு என்று அண்ணன் சொன்னார். வீராப்பில் இவரும் சரி என்றுவிட்டார். அன்று ராத்திரி ஒரு ரொட்டிக்கு மேல் இறங்கவில்லை அவருக்கு. எனக்கோ பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

எஞ்சினின் வலுவை அளக்கிற மெசின் எங்கள் பக்கத்தில் கிடையாது. அண்ணனே ஒரு வழி சொன்னார். எவ்வளவு பாரத்தை, எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு நேரத்தில் ஏற்றுகிறது என்று தெரிந்தால் போதும், குதிரைக் கணக்கு வந்துவிடும். உயரத்துக்குப் போன் இருக்கிறது. ஆனால் அந்தப் போனைச் சோதித்துப் பார்க்க இரண்டு பேரும் கொட்டகலை ஸ்டேசனுக்குப் போனார்கள். அங்கே பெயர்ப் பலகையில் எழுதியிருக்கிற உயரம் ஒன்று, போன் காட்டிய உயரம் வேறொன்று. ரயில்வேயை நம்புவதா போனை நம்புவதா என்று வீட்டுக்கு வந்தும் சண்டை ஓயவில்லை.

“மேல எவ்வளவு, கீழ எவ்வளவுன்னு வித்தியாசம்தானே உங்களுக்கு வேணும்?” என்றேன். “போன் பொய் சொன்னா ரெண்டு இடத்துலயும் ஒரே பொய்யத்தானே சொல்லும்?”

அதற்குப் பிறகுதான் லொறியை எடுத்தார்கள். வெறும் லொறியின் எடை முன்பே தெரியும். கொழுந்தின் எடையை, மலையில் அதை நிறுத்து எழுதுகிற கணக்கப்பிள்ளையிடம் கேட்டு அண்ணன் போனில் போட்டுக்கொண்டார். நேரம் பார்ப்பது என் வேலை. பாலத்தில் தொடங்கி ஃபெக்டரிக்குக் கீழே இருக்கிற வளைவு வரை, செகண்ட் கியரில், கால் எடுக்காமல் ஒரே மிதி. எஞ்சின் உறுமிக்கொண்டு ஏறியதில் என் பல்லெல்லாம் ஆடியது. வளைவில் நேரத்தை நிறுத்தி அண்ணனிடம் நீட்டினேன்.

கியர்பெட்டியும் டயரும் தின்னுகிற வலுவுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டார். தொண்ணூற்றாறு.

“நாலு குதிரைதானேண்ணே,” என்றேன்.

“பேச்சு பேச்சுதான் புள்ள.”

என் கணவர் வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்குள் போய்ச் ஸ்பேனர்களை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார், எஞ்சினைக் கழற்றுவதற்கு. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கில் எங்கேயோ இடித்தது.

“கொழுந்து எடை எதப் போட்டீங்க?” என்று அண்ணனைக் கேட்டேன்.

“கணக்கப்பிள்ளை சொன்னதத்தான்.”

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நானும் கொழுந்து பறித்தவள். எடையைப் பார்த்துத்தான் கூலி. தராசில் சாக்கைத் தொங்கவிட்டால் முள் ஓர் இடத்தில் நிற்கும், கணக்கப்பிள்ளையின் வாய் அதற்குக் கீழே ஓர் எடையைச் சொல்லும். ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு. வெயில் கொளுத்துகிற நாளிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. எங்கள் அம்மாவும் என் மாமியாரும் அப்படி நிறுத்துப் போட்டவர்கள்தான். கழித்துச் சொன்னதே எடை என்று எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. அதனால்தான் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“கழிச்ச கிலோவெல்லாம் என்ன, எறங்கி நடந்தா வந்துச்சு? அதையும் இந்த எஞ்சின்தானே இழுத்துச்சு!”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தலையைச் சொறிந்தார். என் கணவர் ஸ்பேனர்களைக் கீழே வைத்தார்.

மறுநாள் நல்ல வெயில். கணக்கப்பிள்ளை நிறுக்கிற இடத்தில் என் கணவர் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“என்ன டிரைவர், எம்மேல நம்பிக்கை இல்லையா?”

“ஐயோ, இருக்குங்க. நாங்க குதிரை எண்ணுறோம்.”

ஒவ்வொரு சாக்குக்கும் முள் நிற்கிற இடத்தைச் சத்தமாகப் படித்தார். அண்ணன் அதைப் போனில் தட்டினார். உடனே கணக்கப்பிள்ளை தன் எடையைச் சொன்னார். கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. ஒரே சாக்குக்கு இரண்டு எடை அவர்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது. போகப் போகக் கணக்கப்பிள்ளையின் குரல் இறங்கிவிட்டது.

அதே பாலம், அதே மிதி, அதே வளைவு. அண்ணன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். நூற்று மூன்று.

“வெச்சுக்கோங்க மாப்ள உங்க எஞ்சின,” என்றார்.

என் கணவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. எஞ்சினுக்காகவா அழுகிறாய் என்று அண்ணன் கேலி செய்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். நான் பறித்த காலத்தில் கழிவில் போன கிலோக்களை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த நாள் லொறி போய் நின்றபோது ஒருத்தியும் சாக்கைத் தராசில் மாட்டவில்லையாம். கணக்கப்பிள்ளை கூப்பிட்டும் வரிசை நகரவில்லை. முன்னால் நின்றவள்தான் லொறியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“டிரைவர் அண்ணே, எறங்கி வாங்க. இன்னைக்கும் குதிரை எண்ணணும்.”

அவர் இறங்கிப் போனார்.