உள்வீதிக்குள் வர ஒரு எண்

எந்த ஆணையையும் நான் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிப்பேன். மாநகராட்சி அலுவலகத்தில் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். முன்பத்திகளில் நோக்கம் இருக்கும். நோக்கம் எப்போதும் நல்லதாகவே இருக்கும், ஏனென்றால் அதை எழுதுகிறவருக்கு அதனால் ஒரு செலவும் இல்லை. யார் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பது கடைசியில்தான் தெரியும்.

எங்கள் கோயில் வீதிகளில் ஆட்டோக்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்து மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டபோதும் அப்படித்தான் படித்தேன். காற்று கெட்டுவிட்டது என்பது நோக்கம். நான் மறுக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் சாமியும் பட்டும் ஒரே பகலில் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு காலையிலிருந்து ஆட்டோக்கள் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டிருக்கும். மாடிக் கொடியில் வெள்ளை வேட்டியாகக் காயப்போட்டதை மாலையில் சாம்பல் வேட்டியாக எடுப்போம். ஆகவே இனிமேல் குறிப்பிட்ட அளவு ஆட்டோக்களுக்கு மட்டும் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஓர் எண் தருவார்கள். எண் இல்லாத வண்டி வீதி முனையில் இரும்புத் தடுப்போடு நின்றுவிட வேண்டும். கடைசிப் பத்தி: பழைய வண்டிகளுக்கு எண் கிடையாது.

மாட்டிக்கொண்டது என் மனைவி.

அவளுக்கு நுரையீரல் நோய். வாரத்தில் மூன்று நாள் செவிலிமேடு சாலையில் இருக்கிற மருத்துவமனைக்குப் போய் மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். ஒரு வாரம் விட்டால் பத்து அடி நடப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்வாள். அவளை அழைத்துப் போகிறவர் முசரவாக்கத்திலிருந்து வருகிற ஆட்டோக்காரர். நாற்பது வயது இருக்கும். வாசற்படிக்கு ஒட்டி வண்டியை நிறுத்தி, அவள் ஏறி மூச்சு அடங்கும் வரை சும்மா இருப்பார். வேகத்தடை வந்தால் இறங்கித் தள்ளுகிறாரோ என்று தோன்றும் அளவுக்கு மெதுவாக ஏற்றுவார். அவரிடம் புகைச் சான்று இருந்தது. வண்டியின் வயதைக் குறைத்துக் காட்டும் சான்று எந்த அலுவலகத்திலும் தருவதில்லை.

எண் வாங்கிய வண்டிகளைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் உண்மையைச் சொன்னார். "செவிலிமேடா? அங்க போய்ட்டு வர நேரத்துல நாலு கோயில் காட்டிடுவேன் சார். தப்பா நெனச்சிக்காதீங்க."

என் பழைய அலுவலகத்துக்கே போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்க சார். நீங்க பார்க்காத ரூலா? உங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல."

எதுவும் செய்ய முடியாதவர்களிடம் நாங்களும் இதைத்தான் சொல்லி அனுப்புவோம். ஆனாலும் அவர் நல்ல பிள்ளை. தேடிப் பிடித்து மருத்துவ அனுமதிச் சீட்டு ஒன்று போட்டுக் கொடுத்தார். நோயாளி வண்டியில் இருக்கும்போது மட்டும், எண் இல்லாத ஆட்டோ தடுப்பைத் தாண்டலாம்.

"நோயாளி வீட்ல இருக்காங்க. வீடு தடுப்புக்கு உள்ள இருக்கு," என்றேன்.

"ஆமா சார்."

"காலியா வர்ற வண்டிய விடமாட்டீங்க."

அவர் சீட்டைத் திரும்பப் படித்தார். "அம்மா தடுப்பு வரைக்கும் வந்துட்டாங்கன்னா வண்டி தாராளமா உள்ள வரலாம் சார்."

"அது வரைக்கும் அவங்களால வர முடிஞ்சா வண்டி எதுக்குப்பா உள்ள வரணும்?"

"அது இதுல இல்லியே சார்."

நான் கோபப்படவில்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களை நானே எழுதியிருக்கிறேன். அறையில் உட்கார்ந்து எழுதும்போது நோயாளிகள் எல்லோரும் ஊருக்கு வெளியிலிருந்து உள்ளே வருகிறவர்களாகவே தெரிவார்கள்.

மறுநாள் சீட்டை எடுத்துக்கொண்டு நானே தடுப்பு வரை நடந்தேன். ஆட்டோ அந்தப் பக்கம் நின்றது. தடுப்பில் ஊர்க்காவல் படைப் பெண் ஒருவர், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"பொம்பளன்னு போட்டுக்கிதே பெரியவரே."

"அம்மா வூட்ல இருக்குறாங்க மேடம். இட்டுக்கினு போகத்தான் வர்றேன்," என்றார் ஆட்டோக்காரர்.

"அப்போ நோயாளி இல்லாம வர்ற."

"நோயாளி வண்டியில இருந்தா நான் ஏன் மேடம் இந்தப் பக்கம் வர்றேன்? நேரா ஆஸ்பத்திரிக்கே போயிருப்பேனே."

அந்தப் பெண் யோசித்தார். பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வெயிலில் நடந்து வந்ததில் எனக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க ஏறி உக்காருங்க. உங்களப் பார்த்தா நோயாளி இல்லன்னு எவன் சொல்லப்போறான்?"

அன்று முதல் வாரத்தில் மூன்று நாள் நான் நோயாளி. தடுப்பு வரை நடப்பேன், வண்டியில் ஏறி வீட்டு வாசலில் இறங்குவேன், அசல் நோயாளி ஏறிக்கொள்வாள். வெளியே போகும்போது சீட்டை யாரும் கேட்பதில்லை. "இன்னிக்கு எப்டிக்கிது ஒடம்பு?" என்று அந்தப் பெண் கேட்பார். "பரவாயில்லமா," என்பேன். ஆட்டோக்காரர் கண்ணாடியைச் சரி செய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இது நிரந்தர ஏற்பாடு இல்லை என்று எனக்குத் தெரியும். காவல் மாறினால் ஏற்பாடும் மாறும். எனவே மேல்முறையீடு எழுதினேன். நடந்ததை மட்டும், ஒரு பெயரடை கூட இல்லாமல் எழுதினேன். இரக்கம் கேட்டு எழுதுகிற மனுவை யாரும் படிப்பதில்லை. தீர்மானத்துக்குள் முரண்பாடு இருக்கிறது என்று எழுதினால் பயந்துகொண்டு படிப்பார்கள்.

பதில் வராமல் கோடை போயிற்று. அதற்குள் வீதி மாறிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். வேட்டி வேட்டியாகவே காய்ந்தது. கோயில் மணி சத்தம் ஹாரனோடு மல்லுக்கட்டாமல் வீட்டுக்குள் வந்தது. என் மனைவி தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து போட்டு அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சிக் கருவியில் உருண்டை எவ்வளவு உயரம் ஏறியது என்று வந்ததும் சொல்வாள், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி.

ஒரு நாள் எனக்கு முழங்கால் வீங்கிக்கொண்டது. நான் கிளம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தபோது அவள் குடையை எடுத்தாள்.

"நானே போறேன். நடுவுல ரெண்டு பட்டுக் கடை இருக்குது. உக்காந்து உக்காந்து போயிடுவேன்."

போய்விட்டாள். அதன்பிறகும் பல நாள் தடுப்பு வரை நடந்தே போனாள். பட்டுக் கடையில் உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா? தண்ணீர் கொடுத்துவிட்டு, வாங்க மாட்டாள் என்று தெரிந்தும் விற்பனையாளர் இரண்டு புடவையைப் பிரித்துப் போட்டுவிடுவாராம். "மூச்சு விடறதுக்குள்ள முந்திய விரிச்சிடறான்," என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. பாதிச் சிரிப்பில் இருமல் வந்து கெடுக்கவில்லை.

அப்போதுதான் என் மனுவுக்கு ஆணை வந்தது. நான் வென்றிருந்தேன்.

மனுதாரர் சுட்டிய முரண்பாடு ஏற்கப்படுகிறது. ஆனால் ஒரு வண்டிக்கு மட்டும் விலக்கு அளித்தால் பாகுபாடு ஆகும். எனவே புகைச் சான்று உள்ள பழைய வண்டிகள் அனைத்துக்கும் எண் வழங்கப்படும். உச்சவரம்பு அதற்கேற்ப உயர்த்தப்படும். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். குறை சொல்ல ஓர் இடமில்லை.

ஆட்டோக்காரர் புது எண்ணுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். இனிப்புப் பெட்டி வேறு. "பொண்ண இந்த வாட்டி காலேஜ்ல சேத்துடலாம் சார். உள்ள ஓட்டம் இருக்குது இப்போ," என்றார். என் மனைவி படியிறங்கி வண்டியில் ஏறினாள். நானும் கூட ஏறினேன்.

வண்டி வீதி முனை வரைகூடப் போகவில்லை. எண் ஒட்டிய வண்டிகள் முன்னால் வரிசையாக நின்றன. எல்லாம் பழைய வண்டிகள், எல்லாம் சான்று உள்ளவை, எல்லாம் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இருமல் ஆரம்பித்தது. ஆட்டோக்காரர் சட்டென்று தன் என்ஜினை நிறுத்தினார். இறங்கிப்போய் முன்னால் இருந்தவரிடமும் நிறுத்தச் சொன்னார்.

"யோவ், நீ நிறுத்திட்டா ஊரு பூரா நிறுத்துவானா? போவியா," என்று பதில் வந்தது.

என் மனைவி இறங்கப் பார்த்தாள். அவர் ஓடி வந்தார்.

"எம்மா, உங்களாலதான் இந்த நம்பரே கெடச்சிது. நீங்களே எறங்கிட்டா எப்டிம்மா?"

"உனக்கு இருக்கட்டும்பா. நான் மெல்ல நடக்கறேன்."

நடக்க முடியவில்லை. சில அடிகளிலேயே நின்று, திரும்பி வந்து இருக்கையில் சாய்ந்தாள். போன மாதம் இதே தூரத்தைக் குடை பிடித்துக்கொண்டு கடந்தவள். வரிசை நகரும் வரை காத்திருந்தோம். மருத்துவமனையில் எங்கள் முறை போய்விட்டிருந்தது. கடைசியில்தான் கூப்பிட்டார்கள்.

வீடு திரும்பியதும் ஜன்னலைச் சாத்தினாள். நான் மேசையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். உயர்த்திய வரம்பை எதிர்த்து மறுசீராய்வு கேட்கலாம். அதற்குக் காலக்கெடு இருக்கிறது, வழியும் இருக்கிறது, காரணமும் நான் கேட்காமலே பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்தது. வரம்பைக் குறைத்தால் யார் முதலில் வெளியே போவார்கள் என்பதை நான் யோசிக்காமல் இல்லை.

அவள் வந்து அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையைப் பார்த்தாள்.

"மறுபடியும் மனுவா?"

"ஆமா. காத்து இப்படி இருந்தா நீ..."

"வேணாங்க. காலையில மொத ஆளா நேரம் கேட்டுப் பார்க்கலாம். வெளியூர்க் கூட்டம் வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். அவன் நம்பரப் புடுங்கிடாதீங்க."

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, காலை நேரம் கேட்க மருத்துவமனைக்குப் போன் போட்டேன்.