தோளுக்குள் வைத்த கட்டை

வெளிநாட்டில் பெண்கள் நீள மேடையில் நடந்துகாட்டும் புது உடுப்புகளை நான் பார்த்ததெல்லாம் ஜமுனாமரத்தூரில், என் தையல் மிஷின் பலகைமேல் வைத்துத்தான். எண்பதுகளின் தொடக்கம் அது. சந்தவாசலில் எட்டாவது முடித்து, தொழில் கற்றுக்கொண்டு, அந்த மலையூரில் கடை போட்டிருந்தேன். வன அலுவலகக் குமாஸ்தாவின் மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் பெண்கள் கல்லூரியில் படித்தாள். அவளுடைய மாமா கப்பலில் வேலை பார்த்தவர். வரும்போதெல்லாம் உடுப்புப் படங்கள் போட்ட வழவழப்பான கனத்த புத்தகங்கள் கொண்டுவருவார். லீவில் வந்தால் அவள் அவற்றை என் கடையில் வைத்துவிட்டுப் போவாள்.

"பாத்துட்டு மெதுவா குடுங்கண்ணா."

எனக்குக் கேட்டு வாங்க வாய் வராது. அவளாகவே புரிந்துகொண்டாள்.

அதில் இருந்த இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது, படங்கள்தான். முதலில் கண்ணில் பட்டது, ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை. புதுத்துணி போட்டவள் சிரிக்காமல் இருப்பாளா என்று நினைத்தேன். பல நாள் பார்த்த பிறகு வேறு மாதிரி தோன்றியது. இவர்கள் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரவில்லை, சுமந்துகொண்டு வருகிறார்கள். சாமி தூக்கி வருகிறவர்கள் முகமும் அப்படித்தான் இருக்கும்.

ஒரு படத்தில் தைக்காத ஒற்றைத் துணியை உடம்பில் சுற்றி, ஒரு தோளில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த மலைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, இவளும் சாமைக்குக் களை புடுங்கப் போறாளா?"

அவள் தோளிலும் அதே முடிச்சு இருந்தது. அவள் போன பிறகு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு ஒன்றுதான். ஆனால் இவள் குனிந்து நிமிர்வதற்காகப் போட்டது. அங்கே போட்டவள் குனியவே போவதில்லை.

இன்னொன்றும் என்னை விடாமல் இருந்தது. படங்களில் முதுகுப் பக்கமே இல்லை. படவேட்டில் அம்மன் உற்சவருக்கு விசிறி மடிப்புப் பாவாடைக்கு ஓரம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். முன்னால் நின்று பார்த்தால் பட்டு விரிந்து ஜொலிக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் மூங்கில் சிம்பும் சணல் கயிறும். இந்த உடுப்புகளுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று தைக்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

அப்புறம் தோள்கள் அகலமாகிவிட்ட வருஷம் வந்தது. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பலகை வைத்தது போல நேரான, நீண்ட தோள்கள். எனக்கு அது புதிதாகவே இல்லை. எங்கள் பக்கத்துக் கூத்தில் ராஜா வேஷக்காரர் தோளில் புஜக்கட்டை கட்டுவார். கல்யாணமுருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டியது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. அதற்கு நாடா தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவரும் சபைக்கு உடனே வந்துவிட மாட்டார். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். முதலில் கிரீடம் தெரியும், பிறகு ஒரு தோள், கடைசியில்தான் ஆள். வெளிநாட்டு மேடைக்கும் பின்னால் ஒரு திரை இருந்தது.

அந்த வருஷப் பொங்கல் லீவில் குமாஸ்தா மகள் கருநீலத் துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். கோட்டு போல ஒரு ஜாக்கெட் வேண்டும், அகலத் தோள் வைத்து.

"மாமா கொண்டாந்தது, இவ்ளோதான் இருக்கு. தப்பா வெட்டினா போச்சுண்ணா."

கல்லூரி ஆண்டு விழாவில் புது மாதிரி உடுப்பு போட்டு மேடையில் நடக்கும் போட்டி உண்டாம். போன வருஷம் பட்டுச்சேலையில் நடந்திருக்கிறாள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "மலைக்காரி, பாத்து நட, கல்லு தடுக்கும்" என்று கத்தினாளாம். மண்டபமே சிரித்ததாம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வாட்டி யாரும் சிரிக்கக் கூடாதுண்ணா. அவ்ளோதான்."

தோள் அப்படி நிற்க உள்ளே என்ன வைக்கிறார்கள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கூச்சத்தில் தலையாட்டிவிட்டேன். பழைய துணியில் பஞ்சு வைத்துத் தைத்துப் பார்த்தேன், தொங்கியது. பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை, உள்ளே இருப்பது கட்டைதான் என்று. சந்தவாசலுக்குப் போய், கூத்துச் சாமான் செய்கிறவரிடம் இரண்டு மெல்லிய கட்டைகள் செதுக்கி வாங்கிவந்தேன். உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, மல்லுத்துணி சுற்றி, உள்துணிக்குள் வைத்து மூடித் தைத்தேன்.

மத்தியான பஸ்ஸில் அவள் வேலூர் போக வேண்டிய நாளில், தாயோடு கடைக்கு வந்தாள். ஜாக்கெட்டுக்குள் கைவிட்டவள் நின்றுவிட்டாள்.

"அண்ணா, இன்னா இது... கட்டையா?"

தாய் தட்டிப் பார்த்தார், டொக்கென்றது. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கூத்துக்காரனுக்குத் தெச்சத மாத்திக் குடுத்துட்டாருடி! உள்ள மீசையும் இருக்குதான்னு பாரு!"

அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. நான் கத்திரியை எடுத்தேன்.

"பிரிச்சிடறேம்மா. அஞ்சு நிமிஷம்."

"எடுத்துட்டா எப்டிண்ணா இருக்கும்?"

"தொங்கும்."

"வெச்சிருந்தா?"

அதுவரை எவரிடமும் இது நன்றாக இருக்கும், இது இருக்காது என்று நான் சொன்னதில்லை. சொன்னதைத் தைத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். அன்று கத்திரியைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"படத்துல இருக்கற மாதிரியே நிக்கும். ஆனா கைய வீசி நடக்க முடியாது. வேகமா போனா காதுல இடிக்கும். கூத்துல ராஜா வேஷக்காரரு அவசரப்படவே மாட்டாரும்மா. சபைதான் அவருக்காகக் காத்துக்கினு இருக்கும்."

அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கடை வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை நடந்தாள். முதல் தடவை அவசரத்தில் தோள் ஏறிக் காதில் இடித்தது. இரண்டாம் தடவை நிதானமாகப் போனாள், கழுத்து தானாக நிமிர்ந்தது. எதிரே புளிக்கூடையோடு வந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். தாயின் சிரிப்பும் நின்றிருந்தது.

"பஸ்ஸு வந்துடும், கழட்டுடி" என்றார், குரலைத் தாழ்த்தி.

கட்டையைப் பிரிக்காமலே எடுத்துப் போனாள்.

அவள் திரும்பிவர ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க, பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே வந்து எதிரில் நின்றாள்.

"பரிசு வரலண்ணா. மிஸ் தொட்டுப் பாத்துட்டு, வெளிநாட்டுல ஸ்பான்ஜுதான் வெப்பாங்கன்னு சொன்னாங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் கேட்டேன். நானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"சிரிச்சாங்களாம்மா?"

"போன வருஷம் கத்துனவ அதே வரிசைலதான் குந்தினு இருந்தா. நான் மேடை ஓரத்துக்குப் போயி, அவளப் பாத்துக்கினே நின்னேன். எதுனா சொல்லட்டும்னு. ஒண்ணும் சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, திரும்பி நடந்தேன். அதுவும் மெதுவாத்தான்."